கெட்டாலும் பரவாயில்லை என்று ஒரு சுவர்

கேள்வி இதுதான்: "சிவில் டிப்ளமோ முடித்து ஐந்து வருடம் பில்டர்களிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். இப்போது செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பழுதுபார்க்கிறார்கள். அந்த வேலையோடு சேர்த்து 18 முதல் 24 வயது வரை உள்ள 14 பேருக்கு ஆறு மாதப் பயிற்சி. அவர்களில் ஐந்து பேர் பெண்கள். எல்லோரையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்டிப்பாக இருப்பதா, அண்ணன் மாதிரி பழகுவதா? வேறு என்ன கவனிக்க வேண்டும்?"

கண்டிப்பா பாசமா என்பதை இப்போது யோசிக்க வேண்டாம், அது போகப் போகத் தானாக ஒரு வழிக்கு வரும். முதல் வாரத்துக்குள் உங்களுக்கு வேண்டியது ஒரு சுவர். எவ்வளவு கெட்டாலும் பரவாயில்லை என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிய சுவர். மூன்றாம் கட்டுக்கு, அதாவது வீட்டின் பின்பகுதிக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகை ஓரமாக, பிற்பாடு எடுத்த தடுப்புச் சுவர் ஒன்று அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கும். பத்தடி நீளம் போதும். பிள்ளைகள் அதில் பூசட்டும், உரிக்கட்டும், மறுபடியும் பூசட்டும். முதல் மூன்று வாரம் வளவுக்குள், அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும் இருக்கும் இடத்துக்குள், யார் கையிலும் உளி இருக்கக் கூடாது.

காரணம் இருக்கிறது. பில்டர் வேலையில் தப்பு நடந்தால் இடித்துவிட்டுத் திரும்பக் கட்டுவோம். பணம் போகும், நாள் போகும், அவ்வளவுதான். பழைய வீட்டில் தப்பு மூன்று வகை. புதிதாகப் போடும் வேலையில் வருகிற தப்பு ஒன்று. சுண்ணாம்புப் பூச்சு வெடித்துவிட்டால் எடுத்துவிட்டு மறுபடி பூசலாம், அது பாடம். பழைய பொருளில் விழுகிற தப்பு இரண்டாவது. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கையோ, நூறு வருடமாகக் கண்ணாடி போல மின்னும் பூச்சையோ ஒருமுறை கெடுத்தால் திருப்ப முடியாது. மூன்றாவது, உடம்பில் விழுகிற தப்பு. ஒவ்வொரு பிள்ளையும் இன்றைக்கு எந்த வகைத் தப்பு செய்யக்கூடிய இடத்தில் நிற்கப் போகிறது என்று காலையிலேயே யோசித்து வைப்பதுதான் உங்கள் வேலையில் பாதி. முதல் வகைக்குத் தாராளமாக இடம் விடுங்கள். மற்ற இரண்டுக்கும் வழியே வைக்காதீர்கள். நான் பார்த்தவரை பல சூப்பர்வைசர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பூச்சு கோணலானால் கத்துகிறார்கள், பெல்ட் போடாமல் சாரத்தில் ஏறுகிறவனைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் பேட்சில் ஒரு தம்பி. நல்ல உழைப்பாளி, எட்டு மணி என்றால் ஏழே முக்காலுக்கு நிற்பான். பட்டாலை என்கிற கூடத்துச் சுவரில் கரியும் ஒட்டடையும் படிந்திருந்தது. "அந்தச் சுவரைச் சுத்தம் பண்ணிரு தம்பி" என்று சொல்லிவிட்டு நான் மணல் லாரியைப் பார்க்கப் போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தால், ஆளுயரத்துக்கு இரண்டு மீட்டர் அகலம் பழைய பூச்சைச் செங்கல் வரைக்கும் கொத்தி, தூசி தட்டி, தண்ணீர் தெளித்து வைத்திருந்தான். அத்தனையும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சு. அவன் அதற்கு முன்னால் வேலை பார்த்த இடங்களில் 'சுவரைச் சுத்தம் பண்ணு' என்றால் புதுப் பூச்சுக்குக் கொத்தி வை என்று அர்த்தம். அவன் சொன்னதைத்தான் செய்தான், அதுவும் நேர்த்தியாகச் செய்தான். தப்பு முழுக்க என் வாயில். அன்றைக்கு வீட்டுக்கார ஆச்சி வந்து அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனது இன்னமும் கண்ணில் நிற்கிறது.

அன்றிலிருந்து சைட்டில் 'சுத்தம்', 'சரி பண்ணு', 'எடுத்துரு' ஆகிய மூன்று சொற்களுக்கும் தடை. எந்த வேலையையும் செய்து காட்டித்தான் ஆரம்பிப்போம். "இந்தத் தென்னந்துடைப்பம், இந்த ஈரத்துணி, இந்தக் கோடு வரைக்கும், இவ்வளவு அழுத்தம். துணியில் வெள்ளை ஒட்டினால் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடு." அப்புறம் அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்வேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாத் தலையும் ஆடும். "நீ இப்ப என்ன செய்யப் போறே, சொல்லு" என்றால்தான் விஷயம் வெளியே வரும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை ஒவ்வொரு வேலையிலும் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய வீட்டில் வேலை தெரிந்தவன் என்றால் நிறுத்தத் தெரிந்தவன்.

இதே மாதிரி இன்னும் சில பொறிகள் இருக்கின்றன. ஆத்தங்குடிக் கல்லில் கறை இருந்தால் பிள்ளைகள் பாத்ரூம் ஆசிடைத் தேடுவார்கள், ஏனென்றால் வீட்டில் அம்மா அப்படித்தான் செய்கிறார். அந்தக் கல் சூளையில் சுட்டதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் வைத்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. ஆசிட் பட்டால் மேல்பூச்சு அரித்துப் பளபளப்பு போய்விடும். முகப்புக் கதவின் செதுக்கலில் உப்புத்தாளைப் போட்டால் மூக்கும் முழியும் மழுங்கிவிடும். பழைய பெயிண்டைக் காய்ந்தபடியே தேய்ப்பது மரத்துக்கு மட்டும் கெடுதல் இல்லை. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம், தேய்க்கும் தூசி நுரையீரலுக்குள் போகும். நனைத்துச் சுரண்டுவதுதான் முறை, அதுவும் முகக்கவசத்தோடு. எல்லாவற்றையும் விட, விரிசலைப் பார்த்ததும் சிமெண்டைக் குழைத்து அடைக்கும் பழக்கம். அது நம்மிடமே இருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே நின்று உப்புப் பூத்து, நாலைந்து வருடத்தில் செங்கல் மாவாக உதிரும். வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சிமெண்ட் ஒட்டுப் போட்ட பழைய சுவர் ஊரில் எங்கேயாவது இருக்கும். கூட்டிக்கொண்டு போய், விரலால் செங்கலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் பாடம் எடுக்க வேண்டியதே இல்லை.

இனி மேஸ்திரி. பிள்ளைகளைச் சமாளிப்பதை விட இது கஷ்டம், எனக்கு அப்படித்தான் இருந்தது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்று அநேகமாக அறுபதைத் தாண்டியவர்கள். கை பேசும், வாய் பேசாது. "எவ்வளவு தண்ணி ஊத்தணும் மேஸ்திரி?" என்று கேட்டால் "பதமாத்தான்" என்பார். கலவை கரண்டியில் ஒட்டாமல், அதே சமயம் ஒழுகாமல், மொத்தமாக வழுக்கி விழ வேண்டும். அதைத்தான் அவர் பதம் என்கிறார். அதை அவர் வாயிலிருந்து வாங்கிப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொல்வது உங்கள் வேலை. கலவையில் சேர்க்கும் கடுக்காயும் பனைவெல்லமும் எத்தனை நாள் ஊறினால் அந்தப் புளிப்பு வாடை வரும், ஒரே கனமாகப் பூசாமல் ஏன் மெல்லிய இரண்டு பூச்சாகப் பூச வேண்டும், வெயில் காலத்தில் ஈரச் சாக்கு ஏன் தொங்கவிட வேண்டும், எல்லாம் அவருக்குத் தெரியும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகுகிறது, அதற்கு ஈரம் வேண்டும், சட்டென்று காய்ந்தால் இறுகாமல் வெடிக்கும் என்று நீங்கள் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளைகள் மனதில் நிற்கும்.

ஆனால் அவர் ஏன் கற்றுக்கொடுக்க வேண்டும்? இதை யாரும் கேட்பதில்லை. சொல்லிக் கொடுத்துக்கொண்டே வேலை பார்த்தால் நாளில் பாதி வேலைதான் ஓடும். சதுரடிக் கணக்கில் கூலி பேசியிருந்தால் அவர் பிள்ளைகளை மணல் சலிக்கவும் சட்டி தூக்கவும் மட்டும்தான் விடுவார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்வேன். எனவே அவருக்கு நாள் சம்பளம், அதற்கு மேல் சொல்லிக்கொடுப்பதற்குத் தனியாக ஒரு தொகை என்று ஆரம்பத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். ஒரு மேஸ்திரிக்கு மூன்று பிள்ளைகள், மிஞ்சிப் போனால் நாலு. அதற்கு மேல் போனால் மற்றவர்கள் சித்தாள்கள்தான், பயிற்சிக்கு வந்தவர்கள் இல்லை. அப்புறம், அவர் பிள்ளைகளைத் திட்டுவார். 'டேய் வெளங்காதவனே' என்பது அவர் வாயில் சாதாரணம், பல சமயம் பாசமும்கூட. சாதியை இழுத்தோ அப்பன் ஆத்தாளை இழுத்தோ ஒரு வார்த்தை வந்தால் மட்டும் அன்று சாயங்காலமே தனியாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். பிள்ளைகள் முன்னால் அவரைக் கேட்காதீர்கள், அடுத்த நாள் வரமாட்டார்.

உடம்பு சம்பந்தமான விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கண்டிப்பு மட்டும்தான்.

சுண்ணாம்பு நீற்றும் நாள் பிள்ளைகளுக்குத் திருவிழா மாதிரி. கல் வெடிக்கும், தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், ஆவி பறக்கும். எல்லாரும் செல்போனோடு குனிந்து எட்டிப் பார்ப்பார்கள். அங்கேதான் கண் போகும். தண்ணீரை முதலில் தொட்டியில் நிரப்பி, அதில் சுட்ட சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்புக் குவியலின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, சீறி முகத்தில் அடிக்கும். கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கை சட்டை இல்லாதவர்கள் பத்தடி தள்ளி நிற்கட்டும். பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீரும் சொம்பும் தயாராக இருக்க வேண்டும். கண்ணில் பட்டுவிட்டால் கசக்கவிடாமல், இமையைத் திறந்து பிடித்து, குறைந்தது இருபது நிமிடம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்து, அப்புறம் ஆஸ்பத்திரி. அம்மாவுக்குப் போன் பண்ணுவதெல்லாம் பிறகு. இதை முதல் நாளே ஒத்திகை பார்த்துவிடுங்கள், யார் தண்ணீர் ஊற்றுவது, யார் வண்டி எடுப்பது என்று பெயர் சொல்லி. கையில் படுவதும் லேசில்லை. ஈரச் சுண்ணாம்பு உடனே எரியாது, சாயங்காலம்தான் தெரியும், விரல் இடுக்கெல்லாம் புண்ணாகிவிடும்.

ஓட்டுக் கூரையில் ஏறினால் ஓட்டின் மேல் கால் வைக்காமல், கூரையைத் தாங்கும் சாய்வு மரமான கைமரம் இருக்கும் கோட்டைப் பார்த்துப் பலகை போட்டு நடக்க வேண்டும். ஓட்டுக்கு அடியில் இருக்கும் வரிச்சு மக்கியிருப்பது மேலிருந்து தெரியாது. நாட்டு ஓடு அடுக்கடுக்காக இருப்பதால் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், கால் வைத்ததும் ஆள் வளவில் இருப்பார். முதல் மழைக்கு முன் ஓடு பிரித்து மேயும் வேலை என்றால் அவசரம் இருக்கும், அந்த அவசரத்தில்தான் விழுவார்கள். சவுக்குக் கம்பும் கயிறும் கட்டிய சாரத்தை நான் இப்போது ஏற்பதில்லை, இரும்புக் குழாய்தான். இரண்டு மீட்டருக்கு மேல் என்றால் பெல்ட். தினமும் காலையில் சாரத்தை நீங்களே ஒருமுறை உலுக்கிப் பாருங்கள். அதைப் பிள்ளைகள் பார்க்கவும் வேண்டும்.

கதண்டுக் குளவிக் கூடும் மலைத்தேன் கூடும் கூரை இறவாரத்தில் இருக்கும். ஆள் நடமாட்டம் இல்லாமல் பூட்டிக் கிடந்த வீடென்றால் நிச்சயம் இருக்கும். தீப்பந்தத்தைக் காட்டி விரட்டுகிறேன் என்று கிளம்பும் வீரர் ஒருவர் எல்லாப் பேட்சிலும் உண்டு. மேலே முழுக்கத் தேக்கு, வீடே போய்விடும். தெரிந்த ஆளைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். பூட்டிய அறையைத் திறக்கும்போது முதலில் தடியால் தரையைத் தட்டி ஓசை எழுப்பி, வெளிச்சம் அடித்து, அப்புறம்தான் கால். வௌவால் எச்சம் இருந்தால் தண்ணீர் தெளிக்காமல் பெருக்கக் கூடாது.

வெயில்: கத்திரியில் இங்கே காலை ஆறரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு நிறுத்துவோம், பிறகு மூன்றரைக்கு மேல். வீட்டுக்குள் குளுகுளுவென்று இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை, ஆனால் கூரைக்கும் மச்சுக்கும் நடுவில் வேலை செய்கிறவன் வெந்துபோவான். மோரும் உப்பும் சைட் செலவில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து, வருகை. உங்கள் 14 பேரில் மூன்று பேர் இரண்டாவது மாதத்துக்குள் நின்றுவிடுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் உங்கள் தோல்வி என்று ஒன்றுமில்லை. உதவித்தொகை மாதக் கடைசியில்தான் வரும், அதுவும் சென்ட்ரிங் வேலைக்குப் போனால் கிடைக்கும் கூலியை விடக் குறைவு. திருப்பூரில் இருக்கும் மச்சான் போன் பண்ணுவான், சிங்கப்பூர் ஏஜென்ட் பாஸ்போர்ட் கேட்பான். நின்றுவிடப் பார்க்கிறவனைத் தக்கவைக்க ஒரே வழி பணம் சொன்ன தேதியில் கைக்கு வருவது. அதற்காக அலுவலகத்தோடு சண்டை போடுவதும் மேற்பார்வையில் சேர்ந்ததுதான். நான் ஒருமுறை உதவித்தொகை நாற்பது நாள் தள்ளிப்போன பேட்ச் ஒன்றை நடத்தினேன். நல்ல பிள்ளைகள்தான் முதலில் போனார்கள், அவர்களுக்குத்தான் வேறு இடத்தில் வேலை கிடைக்கும்.

லீவு எடுப்பதை ஊர்க் காலண்டரோடு பொருத்திப் பாருங்கள். பொங்கல் முடிந்த கையோடு சிராவயல் மஞ்சுவிரட்டு, மாசி மகத்துக்கு அரளிப்பாறை. அந்த நாட்களில் உங்கள் சைட்டில் ஆண் பிள்ளை ஒருவன்கூட இருக்க மாட்டான். இருந்தால் காயம் பட்டுக் கட்டுப் போட்டிருப்பான். மாசி பங்குனியில் காரைக்குடி மீனாட்சிபுரம் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கக் காப்புக் கட்டியவர்கள் விரதம் இருப்பார்கள், சாரத்தில் ஏற்றாதீர்கள், கீழே வேலை கொடுங்கள். இதையெல்லாம் முதலிலேயே லீவாகப் போட்டுவிட்டால் 'பாட்டி செத்துப்போச்சு' என்ற பொய்யைக் கேட்க வேண்டியிருக்காது. என் பேட்சில் ஒருவனுக்கு நான்கு பாட்டிகள் இறந்தார்கள்.

லீவு பெரிய விஷயமில்லை, காரணம் தெரியாமல் தொடர்ந்து மூன்று நாள் வராததுதான் விஷயம். வீட்டுக்குப் போங்கள். போனில் கேட்டால் 'காய்ச்சல் சார்' என்றுதான் வரும். வாசலில் போய் நின்றால், அப்பா குடித்துவிட்டு அடித்தது, அக்கா கல்யாணக் கடன், தங்கைக்குத் துணையாக இருக்க வேண்டியது என்று நிஜம் தெரியும். எல்லாவற்றையும் நீங்கள் தீர்க்க முடியாது, தீர்க்கக் கிளம்பவும் வேண்டாம். காலை வேலையை ஒன்பதுக்கு மாற்றிக்கொடுத்தாலே ஒரு பிள்ளை தங்கிவிடும் என்றால் அதைச் செய்யுங்கள். பணம் மட்டும் கைமாற்றாகக் கொடுக்காதீர்கள், அப்புறம் நீங்கள் சூப்பர்வைசராக இருக்க முடியாது.

பெண் பிள்ளைகள் ஐந்து பேர் என்றீர்கள். அறுபது அறை இருக்கும் வீட்டில் உபயோகிக்கிற மாதிரி ஒரு கழிப்பறை இருக்காது. வேலை தொடங்கும் முன் நீங்கள் பழுதுபார்க்க வேண்டிய முதல் அறை அதுதான், முகப்பு அப்புறம். தாழ்ப்பாள், தண்ணீர், குப்பைத் தொட்டி மூன்றும் இருக்க வேண்டும். இது இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை பார்த்து மயங்கி விழுந்த பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். மற்றபடி வேலையைப் பிரிக்காதீர்கள். பெண்கள் கல் துடைக்கவும் பையன்கள் பூசவும் என்று மேஸ்திரி பிரித்துவிடுவார், வாரம் ஒருமுறை சுழற்றுங்கள். கடைசி மெருகுப் பூச்சில் என் அனுபவத்தில் மிக நன்றாக வந்தவர் ஒரு பெண்தான், அந்த மேஸ்திரியே இப்போது வேலைக்கு அவரைக் கேட்டு அழைக்கிறார்.

2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் பயிற்சிக்கு வந்தவர்களும் அடங்குவார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் அது யார் யார் என்று பெயரும் எண்ணும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதேபோல 1961ஆம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டப்படி ஒப்பந்தம் போட்டு எடுத்திருந்தால், வேலையில் காயம் பட்டால் நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு வேலை கொடுத்தவருடையது. ஒப்பந்தத்தின் நகல் பிள்ளைகள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பல பேருக்குத் தாங்கள் எதில் கையெழுத்துப் போட்டோம் என்றே தெரியாது.

வீட்டுக்காரர் என்று ஒருவர் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வீட்டில் இருபது புள்ளி, அதாவது பங்குள்ள குடும்பங்கள், இருக்கலாம். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். ஒருவர் சரி என்றதை இன்னொருவர் வந்து ஏன் தொட்டாய் என்பார். எழுத்தில் வாங்குங்கள். முன்னோருக்குப் படைக்கும் படைப்பு வருகிறது, பேத்தி கல்யாணம் வருகிறது என்று திடீரென்று வளவைக் காலி செய்யச் சொல்வார்கள், அந்த நாட்களுக்குப் பின்கட்டில் வேலை வைத்திருங்கள். சாமி அறைக்குள் யார் போகலாம் என்ற பேச்சு ஒருநாள் வரும். இந்தப் பிள்ளைகளில் சிலரின் தாத்தாக்கள் இதே வீட்டுக்குப் பின்வாசல் வழியாக மட்டுமே வந்தவர்கள், அவர்களுக்கு அது தெரியும். முகப்பு வழியாகவே எல்லாரும் வருவார்கள், ஒரே பானையில் தண்ணீர், ஒரே வரிசையில் சாப்பாடு என்று வேலையை ஒப்புக்கொள்ளும்போதே பேசி முடியுங்கள். பிறகு பேசினால் அது ஏதோ ஒரு பிள்ளைக்காகக் கேட்டது மாதிரி ஆகிவிடும், அந்தப் பிள்ளைதான் கூசும்.

பொருள் காணாமல் போவது அடுத்த தலைவலி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பித்தளைக் குமிழ், எனாமல் தூக்கு, பீங்கான் சாடி என்று என்ன போனாலும் அங்கே விலை உண்டு என்பது பிள்ளைகளுக்கும் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரியும். ஒரு வீட்டில் கதவுக் குமிழ் ஒன்றைக் காணோம். உடனே அன்று அந்த அறையில் இருந்த பையனின் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார் வீட்டு உறவினர் ஒருவர். என் கண் முன்னால் கொட்டினான். டிபன் பாக்ஸும் ஒரு துண்டும் விழுந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அந்தக் குமிழைப் பாலிஷ் போடுவதற்காக நானே கழற்றி ஆசாரியிடம் கொடுத்திருந்தேன், எழுதி வைக்கவில்லை. அவன் திரும்பி வரவே இல்லை. நான் இரண்டு முறை வீட்டுக்குப் போயும் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை.

அதனால் வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்து, கழற்றக்கூடிய ஒவ்வொன்றையும் எண் போட்டுப் பட்டியல் எழுதி, வீட்டுத் தரப்பில் ஒருவரின் கையெழுத்து வாங்குங்கள். இது பிள்ளைகளைச் சந்தேகப்பட்டுச் செய்வதில்லை, அவர்களைக் காப்பாற்றச் செய்வது என்று அவர்களிடமே சொல்லுங்கள். பட்டியல் எழுதுவதும் அவர்கள்தான். நிலை, கதவு, தூண், போதிகை, உத்திரம் என்று பெயர் எல்லாம் அதிலேயே பழகிவிடும். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் இருக்கின்றன என்று சொன்னால் ஒரு நிமிடம் முதுகு நிமிரும், ஆனால் அதைவிட இந்த அறையில் எத்தனை தூண் என்று தானே எண்ணிய பிள்ளைதான் அதில் சாய்ந்துகொண்டு மண்வெட்டியை உரசாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அண்ணே என்று கூப்பிடட்டும், அதில் ஒன்றும் குறையாது. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், 'டா' வேண்டாம். இருபது வயதுப் பிள்ளையை அவன் தங்கை வயதுப் பெண்கள் முன் டா போட்டால் அன்று முழுக்க வேலை ஓடாது. கோணலான பூச்சைப் பார்த்தால் அங்கேயே நின்று ரசமட்டத்தை அவன் கையில் கொடுங்கள், அவனே வைத்துப் பார்க்கட்டும். ஒன்றே ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு மேஸ்திரியை வைத்து அவர்கள் பூசியதைச் சத்தமில்லாமல் திருத்துவது. காலையில் வந்து பார்த்ததும் தெரிந்துவிடும். திட்டியிருந்தால்கூட மறந்துவிடுவார்கள், இதை மறக்க மாட்டார்கள். கெட்டதை அவர்களே உரிக்க வேண்டும், அவர்களே பூச வேண்டும், வேலை இரண்டு நாள் தள்ளிப்போனாலும் சரி. அதற்குத்தான் அந்தப் பின்சுவர்.

மூன்று விஷயத்துக்கு மட்டும் எச்சரிக்கை கிடையாது, அன்றே வீடு: குடித்துவிட்டுச் சாரத்தில் ஏறுவது, உயரத்தில் பெல்ட்டைக் கழற்றி ரீல்ஸ் எடுப்பது, பெண் பிள்ளைமேல் கை வைப்பது. இதை முதல் நாளே பெற்றோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். ஒருமுறை நான் மிக நன்றாக வேலை செய்த ஒருவனை இரண்டாவது காரணத்துக்காக அனுப்ப வேண்டி வந்தது. மேஸ்திரிக்கு என் மேல் ஒரு வாரம் கோபம். அதற்குப் பிறகு யாரும் பெல்ட்டைக் கழற்றவில்லை, அவனும் இப்போது ஆத்தங்குடியில் கல் போடுகிறான், பார்த்தால் பேசுகிறான்.

உங்களுக்கு எப்போது தொடங்குகிறது என்று எழுதவில்லை. எப்போதானாலும் சுண்ணாம்பை இந்த வாரமே நீற்றிச் சலித்துத் தொட்டியில் போட்டு, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கிற மாதிரி மூடிவையுங்கள். பிள்ளைகள் வரும்போது ஒரு மாதமாவது ஊறியிருக்க வேண்டும். கரண்டி பிடிக்கத் தெரியாத கைக்கு வெண்ணெய் மாதிரி ஊறிய சுண்ணாம்புதான் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். நீற்றுவதைக் கூட இருந்து பார்க்க அவர்களுக்கென்று இரண்டு மூட்டைச் சுட்ட சுண்ணாம்பைத் தனியாக எடுத்து வையுங்கள், ஈரம் படாமல்.